ஸ்க்ரீனை அணைத்துவிட்டுக் கேட்ட கேள்வித்தாள்

1. பேசாத பக்கம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெல்லா எங்கள் கடைக்கு வந்தாள். கையில் வெள்ளைக் குச்சி. தோளில் பை. கிளியனூரிலிருந்து திண்டிவனம் வந்து, பஸ் மாறி விழுப்புரம் வந்திருந்தாள். கூட யாரும் வரவில்லை. ஷேர் ஆட்டோக்காரர் கடை வாசலில் இறக்கிவிட்டு, “படி ரெண்டு இருக்கும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“காலேஜ் மாடல் பேப்பர் நெட்டுல போட்டது இந்தக் கடைதானே?”

“ஆமாம்மா. இன்னா வேணும்?” என்றேன்.

“அது பேச மாட்டேங்குது.”

எனக்குப் புரியவில்லை. அவள் போனை எடுத்து மேஜையில் வைத்தாள். எங்கள் பக்கத்தைத் திறந்து விரலால் தள்ளினாள். போன், “ஒன்” என்றது. பிறகு சத்தம் இல்லை. இன்னொரு தள்ளு. “டூ.” சத்தம் இல்லை. “த்ரீ.” கடைசியில், “நெக்ஸ்ட், பட்டன்.”

“நம்பர் படிக்குது. பட்டன் படிக்குது. கேள்வியை மட்டும் முழுங்கிடுது” என்றாள்.

பாலு அண்ணன்தான் கடை முதலாளி. ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தார்.

“போன்ல கோளாறு இருக்கும்மா. ரெண்டு கடை தள்ளி சர்வீஸ் சென்டர் இருக்குது, காட்டு.”

அவள் வேறொரு பக்கத்தைத் திறந்தாள். செய்திப் பக்கம். போன் கடகடவென்று தமிழில் படித்தது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை என்ன விலை, எந்த ஊரில் மழை, எல்லாம் சொன்னது.

“இது எப்படிண்ணா பேசுது?”

அண்ணன் மெஷின் தட்டில் பேப்பர் அடுக்கப் போய்விட்டார்.

ஸ்டெல்லாவுக்கு இருபத்தெட்டு வயது. பி.ஏ. படித்தவள். பிறவியிலேயே பார்வை இல்லை. திண்டிவனம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஆபீஸ் உதவியாளர் வேலை ஒன்று காலி. ஒரே ஒரு இடம். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் பரீட்சை. பழகிக்கொள்வதற்கு மாடல் பேப்பரை நெட்டில் போட்டிருந்தார்கள். அதைச் செய்துகொடுத்தது நாங்கள். அசல் கேள்வித்தாளையும் நான்தான் கல்லூரி ஆபீஸிலேயே உட்கார்ந்து ஏற்றிவிட்டு வந்திருந்தேன். மாடல் எப்படியோ, அசலும் அப்படித்தான்.

“ஸ்க்ரைப் வச்சிக்கலாமே?” என்று கேட்டேன். பார்வையில்லாதவர்களுக்குக் கேள்வியைப் படித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் விடையைக் குறிக்கிற ஆளை அப்படிச் சொல்வார்கள்.

“மூணு பரீட்சைக்கு வச்சேன். போன தடவை வந்தது பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு. கணக்குல மைனஸைப் படிக்கவே இல்ல. நான் சி-ன்னு சொன்னா, ‘அக்கா, பி மாதிரி இருக்குதே’ன்னு எனக்கே யோசனை சொல்லுது. வெளிய வந்து, ‘நாலு கேள்வி நானே போட்டுட்டேன், டைம் இல்ல’ன்னு சொல்லுச்சு. இந்தத் தடவை நானே படிச்சி நானே எழுதணும். ஃபெயிலானாலும் என் ஃபெயிலா இருக்கணும்.”

எனக்கு அது சரியென்று பட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

2. EN, TN

நான் ஒன்பதாவது வரை படித்தேன். டைப்ரைட்டிங் தமிழ் லோயர் பாஸ். ஜங்ஷன் பக்கத்தில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகை அடித்தேன். பிறகு பாலு அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர் போட்டபோது டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் அச்சுக்கு அடிக்கிற வேலைக்கு வந்தேன். நோட்டீஸ், சங்கத்துக் கணக்கு, பள்ளிக்கூடக் கேள்வித்தாள். பிறகு வெப் பேஜ் வந்தது. அதையும் கற்றுக்கொண்டேன். எனக்கு இங்கிலீஷ் வராது. எந்த மெனுவில் எத்தனையாவது வரி என்று மனப்பாடமாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அண்ணன் ஒன்று சொன்னார்.

“ஒரே மேட்டர் ரெண்டு பாஷைல வரும். பேரு ஒரே மாதிரி வச்சி குழப்பிக்காத. இங்கிலீஷ்னா பின்னால EN போடு. தமிழ்னா TN. வண்டில போட்டிருக்குமே, அது.”

அன்றிலிருந்து அப்படித்தான். ஃப்ளாப்பி மேல் ஒட்டின பேப்பரில் TN. சி.டி. மேல் TN. ஃபோல்டரில் TN. புதிதாக வேலைக்கு வந்த எல்லோருக்கும் நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாளும் தப்பு வரவில்லை. எங்கள் கடையில் மட்டும் இல்லை, விழுப்புரத்தில் பாதிக் கடையில் அந்தப் பழக்கம் இருந்தது.

வெப் பேஜ் செய்கிற சாஃப்ட்வேரில் தலைப்பு கேட்கும். அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். லாங்குவேஜ் என்று இருக்கும். இரண்டு எழுத்து போட வேண்டும். எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. tn என்று போட்டேன். அதை டெம்ப்ளேட்டாக வைத்துக்கொண்டோம். பிறகு அந்தக் கட்டத்தை யாரும் பார்க்கவில்லை.

3. இரண்டு எழுத்து

ஸ்டெல்லாவின் செய்திப் பக்கத்தை என் கம்ப்யூட்டரில் திறந்தேன். எங்கள் பக்கத்தையும் பக்கத்தில் திறந்தேன். கண்ணுக்கு இரண்டும் தமிழ். எழுத்தும் ஒரே மாதிரி.

ஒரு பொருள் ஒரு இடத்தில் ஓடி இன்னொரு இடத்தில் ஓடவில்லை என்றால், இரண்டையும் அக்கம்பக்கம் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். இரண்டு பக்கத்திலும் ரைட் கிளிக் செய்து உள்ளே இருக்கிற புரோகிராம் வரிகளை எடுத்தேன். முதல் வரியிலிருந்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது வரியிலேயே வித்தியாசம். அங்கே lang என்பதற்கு எதிரே ta என்று இருந்தது. இங்கே tn.

“அண்ணா, தமிழுக்கு ta-வாம்.”

“எவன் சொன்னது? TN தான். வண்டிய பாரு.”

வண்டியைப் பார்க்காமல் நெட்டில் தேடினேன். இன்டர்நெட்டில் பாஷைகளுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. பாஷைக்கு ஒரு குறி. உலகம் முழுக்க அதே குறிதான். பிரவுசர், போன், பக்கத்தைப் படித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடர் எல்லாம் அந்தக் குறியைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்யும். அதில் தமிழுக்கு ta. நாடு சொல்ல வேண்டுமென்றால் பின்னால் ஒரு சின்னக் கோடு போட்டுச் சேர்க்கலாம். ta-IN இந்தியத் தமிழ். ta-LK இலங்கைத் தமிழ். முதலில் பாஷை, பிறகுதான் நாடு.

tn என்ற குறியும் பட்டியலில் இருந்தது. அது செட்ஸ்வானா என்ற பாஷை. ஆப்பிரிக்காவின் தெற்கே பேசுகிறார்கள்.

சத்தமாகப் படித்தேன். ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதான் என் போன் முழிச்சிக்கினு நின்னுச்சு. ஆப்பிரிக்காக்காரங்க பேப்பர்னு நெனச்சிருக்கும். அது சரிக்கா, எங்க ஊர்லேருந்து கொஞ்ச தூரம் போனா பாண்டி வண்டி எல்லாம் PY-ன்னு ஓடுதாம். அவங்க பேசற தமிழுக்கு PY-ன்னு போடுவியா?”

“அப்ப பாண்டில வேலை வரல. வந்திருந்தா போட்டிருப்பேன்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

குறியை மாற்றி, பக்கத்தை மறுபடி ஏற்றினேன். அவள் போனில் திறந்தாள்.

“கீழ்க்கண்டவற்றுள் எது…” என்று போன் ஆரம்பித்தது.

அவள் குச்சியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். பாதியிலேயே எழுந்து போகப்போவதில்லை என்று தெரிந்தது.

4. இன்னும் இரண்டு

இருபதாவது கேள்வி வரை நன்றாகப் போனது. அதற்குப் பிறகு இங்கிலீஷ் பகுதி. தமிழ்க் குரலே இங்கிலீஷையும் படித்தது. வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது.

“ஒரு வார்த்தையும் பிடிபடல. இங்கிலீஷ் வர்ற இடத்துல மட்டும் இங்கிலீஷ்னு சொல்லக் கூடாதா?”

சொல்லலாம். அதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பக்கம் முழுவதற்கும் ஒரு குறி இருக்கும். நடுவில் வேறு பாஷை வந்தால் அந்தத் துண்டுக்கு மட்டும் தனிக் குறி போடலாம். ஒவ்வொரு இங்கிலீஷ் கேள்விக்கும் en போட்டேன். குரல் அங்கே மாறியது, முடிந்ததும் திரும்பி வந்தது.

அடுத்து பொது அறிவுப் பகுதி. அங்கே போன், “எம், கே, பி, செமிகோலன்” என்று ஏதோ சொன்னது. ஸ்க்ரீனில் பளிச்சென்று தமிழ் தெரிந்தது.

அது எதனால் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அந்தக் கேள்விகள் பழைய ஃபைலிலிருந்து எடுத்தவை. பத்திரிகை அடித்த காலத்து ஃபான்ட். அதில் உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான். மேலே தமிழ் உருவம் மாட்டியிருக்கும். அச்சுக்கு அது போதும். பேப்பரைப் பார்க்கிறவனுக்கு உள்ளே என்ன இருந்தால் என்ன? ஆனால் மெஷின் உருவத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். அதன் மேல் ta என்று குறி போட்டாலும் பிரயோஜனம் இல்லை. சரியான தமிழ் எழுத்தில், அதாவது யூனிகோடில், மறுபடி அடிக்க வேண்டும். மாற்றிக்கொடுக்கிற கன்வர்ட்டர் இருக்கிறது. அது ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் இடம் மாற்றிவிடும். கையால் அடிப்பதே மேல்.

மாடல் பேப்பரில் முப்பது கேள்வி அப்படி இருந்தன. அசலிலும் முப்பது.

“அண்ணா, நாளைக்குத் திண்டிவனம் போறேன். காலேஜ் சூப்பிரண்டைப் பாத்து சொல்லணும்.”

அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“போ. சரி பண்ணிக் குடு. ஆனா நம்ம தப்புன்னு சொல்லிக்கினு நிக்காத. அப்டேட்னு சொல்லு. இத்தனை வருஷத்துல எவனாவது கம்ப்ளெய்ன்ட் பண்ணியிருக்கானா?”

ஸ்டெல்லாவுக்குக் காது கூர்மை.

“பக்கமே பேசாதப்போ அதுல போட்டிருக்கிற கடைப் பேரு மட்டும் எப்படிண்ணா பேசும்? காலேஜுக்கு நாலு வாட்டி போன் போட்டு, வாட்ச்மேன் கிட்ட கேட்டு இங்க வந்தேன். இல்லன்னா நான் யார் கிட்ட கம்ப்ளெய்ன்ட் பண்றது?”

5. சூப்பிரண்டு வைத்த கெடு

கல்லூரி சூப்பிரண்டு கோதண்டம் சார் கெட்டவர் இல்லை. வேலை குறித்த நேரத்தில் முடியவேண்டும் என்கிறவர். நான் போனபோது ஹால் டிக்கெட்டில் சீல் குத்திக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு சீலைக் கீழே வைத்தார்.

“ஒரு பொண்ணுக்காக முழு பேப்பரையும் மாத்தணுமா?”

“மத்தவங்களுக்கு எதுவும் மாறாது சார். பாக்க அப்படியே இருக்கும்.”

“லேப்ல இருக்கிற மெஷின்லயே தமிழ்ன்னு செட் பண்ணிட்டா?”

“அப்ப இங்கிலீஷ் கேள்வி கெட்டுடும் சார். அதுவுமில்லாம பரீட்சை அன்னிக்கு செட்டிங்ஸ் யாரும் தொடக் கூடாதுன்னு நீங்கதானே லாக் போடச் சொன்னீங்க.”

அவர் காலண்டரைப் பார்த்தார்.

“ஸ்க்ரைப் பேரு குடுக்க வெள்ளிக்கிழமை மூணு மணி கடைசி. அதுக்குள்ள பேப்பர் ரெடின்னா அந்தப் பொண்ணு மெஷின்ல எழுதட்டும். இல்லைன்னா ஸ்க்ரைப். நடுவுல ஒண்ணும் கிடையாது. பேப்பர் இந்த ரூமை விட்டு வெளியே போகக் கூடாது. அந்தப் பொண்ணு கேக்கவும் கூடாது.”

“எழுதறவங்க கேக்கலைன்னா யாரு சார் செக் பண்றது?”

“நீதான். உனக்குக் காது இல்லையா?”

புதன் பாதி நாள், வியாழன் முழு நாள், வெள்ளி காலை. அந்த அறையிலேயே உட்கார்ந்து முப்பது கேள்வியையும் மறுபடி அடித்தேன். குறிகள் போட்டேன். வியாழக்கிழமை மதியம் ஸ்டெல்லாவுக்கு போன் செய்தேன்.

“நீ எப்படிக் கேப்பன்னு தெரியாம நான் எப்படி செக் பண்றது?”

“ஹெட்போன் மாட்டிக்க. கண்ணை மூடாத.”

“மூடக் கூடாதா?”

“மூடினா திறந்துடுவக்கா. ஒரு எழுத்து புரியலைன்னா உடனே எட்டிப் பாப்ப. பாத்ததும் புரிஞ்சிடும். புரிஞ்சிட்டா தப்பு தெரியாது. ஸ்க்ரீனையே அணைச்சிடு.”

மானிட்டர் சுவிட்சை அணைத்தேன். கருப்பு ஸ்க்ரீனில் என் முகம் தெரிந்தது. கீபோர்டில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி நூறு கேள்வியையும் காதால் கேட்டேன். முதல் சுற்றில் பதினான்கு இடத்தில் தடுக்கியது. ஒரு கணக்கில் மைனஸ் படிக்கவில்லை. மைனஸுக்குப் பதிலாக நான் சும்மா ஒரு கோடு போட்டிருந்தேன். ஒரு கேள்வியில் ஆப்ஷன் டி, ஆப்ஷன் சி-க்கு முன்னால் வந்தது. இதையெல்லாம் பல வருடமாக இப்படியே செய்துகொண்டிருந்திருக்கிறேன். கண் சரிசெய்துகொண்டே போயிருக்கிறது.

இரண்டாவது சுற்றில் மூன்று. மூன்றாவது சுற்றில் ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை இரண்டே கால் மணிக்கு சூப்பிரண்டிடம் போய், “ரெடி சார்” என்றேன். அவர் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு நாலு கேள்வியைக் காதால் கேட்டார்.

“நம்ம நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரி இருக்குதே” என்றார். ஸ்க்ரைப் லிஸ்டில் ஸ்டெல்லா பேருக்கு நேரே ‘இல்லை’ என்று எழுதினார்.

6. நாற்பத்தொன்று

சனிக்கிழமை காலை சூப்பிரண்டு போன் செய்தார்.

“விஜயா, நாப்பத்தொண்ணாவது கேள்வி மாடல் பேப்பர்லயும் இருக்குது. பிரின்சிபால் மாத்தச் சொல்றாரு. வேற கேள்வி எடுத்து வச்சிருக்கேன். ஜல்தி வந்து போட்டுட்டுப் போ.”

போனேன். அவர் பென் டிரைவில் ஒரு ஃபைல் கொடுத்தார். திறந்தேன். காப்பி செய்து நாற்பத்தொன்றில் போட்டேன். கண்ணால் படித்தேன். எழுத்துப் பிழை இல்லை. ஆப்ஷன் நாலும் வரிசையாக இருந்தன. அவரும் நின்றபடி படித்து, “கரெக்ட்” என்றார். சேவ் செய்தேன். பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

காதால் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்டெல்லா போன் செய்தாள்.

“எல்லாம் பேசுச்சுக்கா. தொண்ணூத்தொம்போது பேசுச்சு.”

“எது பேசல?”

“நாப்பத்தொண்ணு. எம், கே, செமிகோலன்னு சொல்லுச்சு. கை தூக்கினேன். சூப்பர்வைசர் வந்து பாத்துட்டு, ‘நல்லாதானேம்மா இருக்குது, தமிழ்லதானே இருக்குது’ன்னாரு. படிச்சிக் காட்டுங்கன்னேன். ஸ்க்ரைப் இல்லன்னு எழுதியிருக்குது, நான் படிக்கக் கூடாதுன்னாரு. குத்துமதிப்பா பி போட்டேன்.”

பென் டிரைவில் வந்த அந்தக் கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது.

“விடுக்கா. ஒண்ணுதானே” என்றாள்.

ஒன்றுதானே என்று நானும் இருந்துவிட்டேன். கல்லூரிக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே சொல்லியிருந்தால் விஷயம் சின்னதாக முடிந்திருக்கும்.

7. பலகையில் ஒட்டின லிஸ்ட்

வியாழக்கிழமை ரிசல்ட் ஒட்டினார்கள். முதல் பெயர் பனமலைப் பக்கத்துப் பையன் ஒருவன். இரண்டாவது ஸ்டெல்லா. வித்தியாசம் ஒரு மார்க்.

இடம் ஒன்றுதான்.

அவளே போன் செய்து சொன்னாள். நாற்பத்தொன்றைப் பற்றிப் பேசவில்லை. “என் ஃபெயில்தானே, பரவாயில்ல” என்று மட்டும் சொன்னாள். அது அவள் ஃபெயில் இல்லை என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பாலு அண்ணனிடம் சொன்னேன்.

“இப்ப இன்னா பண்ணப் போற?”

“எழுதிக் குடுக்கப் போறேன்.”

“எழுதிக் குடுத்தா நம்மளத்தான் கேப்பாங்க. காலேஜ் வேலை போயிடும். சும்மா இருக்கிற பேஜாரை மடியில கட்டிக்கினு வராத.”

“நாப்பத்தொண்ணாவது நான் போட்டது அண்ணா.”

“ஃபைல் குடுத்தது அவரு.”

“போட்டது நான்.”

கடை லெட்டர்பேடை அண்ணன் தரவில்லை. வெள்ளைத் தாளில் எழுதினேன். நாற்பத்தொன்றாவது கேள்வி பழைய ஃபான்டில் இருந்தது. ஸ்க்ரீன் ரீடரில் எழுதினவருக்கு அந்தக் கேள்வி கேட்கவில்லை. ஏற்றியது நான். சோதிக்காமல் விட்டதும் நான். இவ்வளவுதான் எழுதினேன். கீழே கையெழுத்து.

கோதண்டம் சார் படித்துவிட்டுத் தாளை மேஜையில் வைத்தார்.

“ரிசல்ட் ஒட்டினப்புறம் வந்து சொல்றியே. எப்ப தெரியும் உனக்கு?”

“ஞாயித்துக்கிழமை.”

“அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“சொல்லியிருக்கணும் சார்.”

“நானும்தான் நின்னு பாத்தேன். கண்ணுக்கு நல்லாதானே இருந்துச்சு.”

“கண்ணுக்கு நல்லாதான் சார் இருந்துச்சு.”

அவர் நம்பவில்லையோ என்று ஹெட்போனைக் கொடுத்தேன். மானிட்டரை அணைத்தேன். நாற்பத்தொன்றைப் போட்டேன். எம், கே, செமிகோலன். மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனார்.

அந்தக் கேள்வியை எல்லோருக்கும் நீக்கிவிட்டார்கள். பனமலைப் பையன் அதற்குச் சரியான விடை போட்டிருந்தான். அவனுக்கு ஒரு மார்க் குறைந்தது. ஸ்டெல்லாவின் குத்துமதிப்பு தப்பு. அவளுக்குக் குறையவில்லை. இருவரும் சமம். சமமாக வந்தால் டைப்பிங் டெஸ்ட் என்று அறிவிப்பிலேயே இருந்தது. டெஸ்டில் ஸ்டெல்லா வேகம். வேலை அவளுக்குக் கிடைத்தது.

அந்தப் பையன் ஒரு தப்பும் செய்யவில்லை. அவன் அப்பா கடைக்கு வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்.

“எம் புள்ள பேரு மேல இருந்துச்சு. நீ லெட்டர் குடுத்ததாலதான் போச்சாமே?”

“ஆமாங்க. நான் சரியா செக் பண்ணாததால போச்சு.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. “சரியா பண்ணியிருந்தா எம் புள்ள ஜெயிச்சிருப்பானா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். போய்விட்டார்.

8. பிறகு

அண்ணன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. அந்த வருடம் கல்லூரி வேலை எங்கள் கடைக்கு வரவில்லை. கடையில் இருந்த பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து tn என்பதை ta ஆக்கினேன். வேலை இல்லாத நேரத்தில்தான் செய்தேன். முதலில் அண்ணன், “எவனும் கேக்கல, எதுக்கு இது?” என்றார். பிறகு விட்டுவிட்டார். ஃபோல்டர் பெயரில் மட்டும் இன்னும் TN என்றுதான் போடுகிறோம். அதைப் படிக்கிறது நாங்கள்தான். எங்களுக்குப் புரியும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. லாங்குவேஜ் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். தெரிந்த மாதிரி நிரப்பவும் வேண்டாம், பட்டியலைப் பாருங்கள். நடுவில் வேறு பாஷை வந்தால் அந்தத் துண்டுக்குத் தனியாகக் குறி போடுங்கள். பழைய ஃபைலிலிருந்து எடுத்தது எதுவானாலும் சந்தேகப்படுங்கள். கடைசியில் ஒரு முறை ஸ்க்ரீனை அணைத்துவிட்டு முழுவதும் கேளுங்கள். கடைசித் திருத்தத்துக்குப் பிறகு கேளுங்கள். அதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் அது கணக்கில் வராது. நான் மூன்று தடவை கேட்டிருந்தேன்.

அடுத்த வருடம் கல்லூரி வேலை திரும்பி வந்தது. வெப்சைட்டில் போடும் அறிவிப்புகளை இப்போது பார்த்து அனுமதிப்பது ஸ்டெல்லா. அண்ணன் வேறு ஒரு பையனிடம் டைப் செய்யக் கொடுத்துப் பார்த்தார். மூன்று முறை திரும்பி வந்தது. பிறகு என்னிடமே கொடுத்துவிட்டார்.

போன வாரம் விடுமுறை அறிவிப்பு ஒன்று அனுப்பினேன். ஐந்து வரி. கண்ணால் பார்த்து அனுப்பிவிட்டேன். ஐந்து வரிதானே. பத்து நிமிடத்தில் போன் வந்தது. அண்ணன்தான் எடுத்தார். கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

“உனக்குத்தான். கம்ப்ளெய்ன்ட்” என்றார்.

“அக்கா, நாலாவது வரி பேசல” என்றாள் ஸ்டெல்லா.

மானிட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.